தம்பியின் ஸ்கிரீனில் வந்த `மைனஸ் நான்'!

ராத்திரி 11 மணி. டெஸ்க்கில் கடைசி செய்தியை அப்லோடு செய்துவிட்டு நிமிர்ந்தால், தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கறுப்பு ஸ்கிரீன். அதில் ஒரு மைனஸ் குறி, பக்கத்தில் என்.ஏ.என் என்று மூன்றே எழுத்துகள்.

``மைனஸ் நான்னு வருதுக்கா. கம்ப்யூட்டருக்கே என்னைப் பத்தித் தெரிஞ்சிடுச்சு.''

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சி புரோகிராமிங் லேபில் அவனுக்கு அரியர். மறுநாள் காலை மறுபடியும் பிராக்டிகல். ``இதுவும் போச்சுன்னா படிப்பே வேணாம்'' என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். அவன் ஃபீஸுக்காக அடகுக்குப் போன வளையல் இன்னும் வீடு திரும்பவில்லை. அரியர் விழுந்தபோது, ``உனக்கு இதெல்லாம் செட் ஆகாதுடா'' என்று சொன்னவள் வேறு யாருமில்லை, நான்தான்.

நான் படித்தது இதழியல் டிப்ளமோ. கோடிங் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. வீடியோ கால் போட்டு, ``கணக்கை மட்டும் சொல்லு'' என்றேன்.

இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். பள்ளியில் நாம் எல்லோரும் போட்ட கணக்குதான். குறுக்கு வித்தியாசத்தின் வர்க்கத்தையும் நெடுக்கு வித்தியாசத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3, 4 கொடுத்தால் சரியாக 5 வருகிறது. 30,000, 40,000 கொடுத்தால் மட்டும் `நான்' வருகிறது.

மொபைல் கால்குலேட்டரில் தட்டினேன். ``ஒண்ணு 90 கோடி, இன்னொண்ணு 160 கோடி. கூட்டினா 250 கோடிடா.''

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். ``அக்கா, `இன்ட்'ல 214 கோடிச் சொச்சம்தான் நிக்கும்!''

அதேதான் பிரச்னை. கொள்ளளவைத் தாண்டியதும் எண் மைனஸாகத் திரும்பிவிட்டது. மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டதும், `இது எண்ணே இல்லை' என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிட்டது. `நாட் எ நம்பர்' என்பதன் சுருக்கம்தான் அந்த `நான்'.

லேப் நோட்டைப் புரட்டியவன், `ஹைப்பாட்' என்ற ஃபங்ஷனைக் கண்டுபிடித்தான். பெயர், ஹைப்பாட்டனியூஸ் என்ற கர்ணத்திலிருந்து வந்தது. சி மொழியின் 1999-ம் ஆண்டு தரநிர்ணயத்தில் கணித லைப்ரரிக்குள் வந்தது. இரண்டு வித்தியாசங்களைக் கொடுத்தால் நேராகத் தூரத்தைச் சொல்லிவிடும். எண்களை `டபுள்' என்ற பெரிய பாத்திரத்தில் வாங்கிக்கொள்ளும். அது 1-க்குப் பின்னால் 308 சைபர் வரை தாங்கும். 200 சைபர் உள்ள எண்ணை நாமே வர்க்கம் செய்தால் 400 சைபராகி, அந்தப் பாத்திரமும் வழிந்துவிடும். ஹைப்பாட், நடுவில் அப்படி வழியாமல் பார்த்துக்கொள்ளும்.

மாற்றி ஓட்டினான். 50000.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, ``ஃபார்முலா முதல்லயே சரியாத்தான் இருந்திருக்குல்லக்கா? பாத்திரம்தான் சின்னது'' என்றான். செட் ஆகாது என்று சொன்னதற்கு அப்போதுதான் ஸாரி சொன்னேன். ``விடுக்கா'' என்று காலை கட் செய்துவிட்டான்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால், மறுநாள் மதியம் எடிட்டோரியல் மீட்டிங்கில் இருந்தபோது ஒரு மெசேஜ் வந்தது.

``மைனஸ் போயிடுச்சுக்கா. இப்போ வெறும் நான்!''