பன்னிரண்டு வோல்ட் பேரம்

தாம்பரத்தில் பேட்டரிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கார், ஆட்டோ, இன்வெர்ட்டர் என்று எல்லாப் பலகையும் உண்டு. படகு என்று எழுதிய பலகை மட்டும் என் கண்ணில் படவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் முடிச்சூர் வரை படகோடு வந்து ஆட்களை மீட்டார்கள். மற்றபடி இந்த ஊருக்கும் படகுக்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் கோவளத்து ஃபைபர் படகுக்காரர் ஒருவர், பழைய பேட்டரியை பைக்கில் கட்டிக்கொண்டு வண்டலூர் வழியாக மேற்குத் தாம்பரத்துக்கு வந்திருந்தார். ஜி.பி.எஸ்., மீன் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ், எல்.ஈ.டி. விளக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டியை நம்பித்தான் ஓடுகின்றன.

மெக்கானிக் மீட்டரை வைத்தார். 12.4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. "நல்லாத்தானே இருக்கு?" என்றார் வந்தவர். பதில் வரவில்லை. ஆறு மூடிகளையும் திருகி எடுத்து, ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சினார். ஐந்து செல்லில் மிதவை 1240ஐ ஒட்டி நின்றது. ஆறாவதில் 1120. லோடு டெஸ்டரைப் பிடித்ததும் முள் ஒன்பதுக்குக் கீழே விழுந்தது.

"ஒரு செல் போச்சுண்ணே. இது கார் பேட்டரியாச்சே, இதை ஏன் வாங்குனீங்க?"

"விலை கம்மின்னாங்க."

கோளாறு அங்கேதான். கார் பேட்டரியின் பிளேட்டுகள் மெல்லியவை. எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வண்டி ஓட ஓட ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். இவர் படகு எஞ்சின் கயிறு இழுத்துக் கிளப்புவது. கடலில் சார்ஜ் ஏற்ற வழியில்லை. ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே போய், கரைக்கு வந்தும் ஓரிரு நாள் சும்மா கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும்.

மெக்கானிக் அட்டையில் கணக்குப் போட்டார். எல்லாம் சேர்ந்து மூன்று ஆம்பியர், பத்து மணி நேரம்: 30 ஏ.எச். பாதிக்கு மேல் இறக்கக் கூடாதென்றால் 60க்குக் குறையாமல் வேண்டும்.

அடி ஆழம் வரை இறங்கினாலும் தாங்குவது இன்வெர்ட்டர் டியூபுலர்தான். ஆனால் 150 ஏ.எச். பேட்டரி ஐம்பது கிலோ எடை, அதோடு அலையில் ஆசிட் சிந்தும். செல்லுக்குள் கடல்தண்ணீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடையில் பாதிகூட இல்லை, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏறும். ஆனால் சார்ஜரையும் மாற்ற வேண்டும், கையில் மொத்தமாகப் பணமும் வேண்டும். சீல் வைத்த டீப் சைக்கிள் வகை, கார் பேட்டரியைவிட விலை கூடுதல்தான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இவருக்குக் கட்டுபடியாவது அதுவே என்று எனக்கும் தோன்றியது. 'செகண்ட்ஸ்' பேச்சையே மெக்கானிக் எடுக்கவிடவில்லை: பழசில் புது ஆசிட்டை ஊற்றினால் மீட்டர் சில நாள் பொய் சொல்லும்.

பழையதை எடை போட்டு விலையில் கழித்தார்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். குப்பையில் வீச முடியாது. புதியதன் தயாரிப்பு மாதத்தைச் சரிபார்த்து, வாரண்டி கார்டில் முத்திரை வாங்கிய பிறகும் பேரம் ஓயவில்லை. கேட்ட தள்ளுபடி கிடைக்காவிட்டாலும், டெர்மினலில் தடவ ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லி சும்மா கிடைத்தது.