ஏரிக்கரை ஆலமரம்

உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அது. எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஏரிக்கரை ஆலமரத்தடியில் மட்டுமே. அங்கு நின்று, தந்தையின் வருமானம் முதல் வங்கிக் கணக்கு எண் வரை செயலியில் நிரப்பி, ‘சமர்ப்பி’ என்பதைத் தொட்டேன். வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பின்னர் திரை வெறுமையாயிற்று. நிரப்பியதில் ஓர் எழுத்தும் எஞ்சவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா? அதையும் அது சொல்லவில்லை.

அதே மரத்தடியில் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி எழுதினேன். அருகே சிறு கடிகாரக் குறி தோன்றியது. ‘பொறு, என்னிடம் பத்திரமாக இருக்கிறது’ என்பதே அதன் பொருள். சிக்னல் வந்ததும் செய்தி தானே சென்றது.

வேற்றுமை எங்கே? ஒன்று, எழுதியதை முதலில் கைபேசியில் சேமித்துவிட்டுப் பிறகு அனுப்புகிறது. மற்றொன்று, அறுந்துபோகும் இணைப்பை நம்பி அனைத்தையும் இழக்கிறது. விண்ணப்பத்துக்குத் தனி எண் இட்டு அனுப்பினால், அது இருமுறை சென்றாலும் சர்வர் ஒன்றாகவே கொள்ளுமே! 2015இல் பேஸ்புக் நிறுவனம், தன் ஊழியர்கள் விரும்பினால் செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தை உணர்ந்து பார்க்க வழி செய்தது.

அன்றிரவு பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் சென்று மீண்டும் நிரப்பினேன், பிழைத்தேன். நாளை செயலி படைக்கவிருக்கும் நண்பர்களே, ஏரிக்கரையில் நிற்பவனையும் எண்ணிப் படையுங்கள்!