அழையா விருந்தாளிகள்

மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டில் திடீரென்று இன்டர்நெட் நத்தையாக ஊர்ந்தது. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தேன். வீட்டில் இருப்பவை மூன்று சாதனங்கள். பட்டியலில் ஐந்து.

சிரிக்காதீர்கள். 2008 ஜூலை 26, ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னால் வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியாகத்தான் போனது. போலீஸ் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போயிற்று. பாவம், அவருக்குச் சம்பந்தமே இல்லை.

வைஃபை உள்ள எல்லாக் கருவிக்கும் ஆலையிலேயே கொடுத்த 'மேக்' முகவரி உண்டு. பன்னிரண்டு இலக்கம், 0 முதல் 9, அப்புறம் ஏ முதல் எஃப் வரை. பெரும்பாலும் முதல் ஆறைக் கொண்டு தயாரித்த கம்பெனியைச் சொல்லிவிடலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'கெட்மேக்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்.

நம் வீட்டு மூன்றுக்கு மட்டும் அனுமதி என்று ரௌட்டரில் எழுதிவைத்தேன். முதலில் வெளியே நின்றது மனைவியின் ஐபோன்! 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் அது வைஃபைக்குத் தன் நிஜ முகவரியைச் சொல்வதில்லை, புனைபெயர்தான். அந்தப் பெயரையே பட்டியலில் சேர்த்தேன்.

விஷயம் தெரிந்த நண்பர் சிரித்தார். "மேக் முகவரி காற்றில் பகிரங்கமாகப் போகுது சார். கேட்டுக் காப்பியடிச்சுடுவான். பாஸ்வேர்டை மாத்துங்க."

பழைய பாஸ்வேர்ட் என் டெலிபோன் நம்பர். நீளமாக மாற்றினேன்.

மறுநாள் காலை லிஃப்டில் மாடி வீட்டுப் பையன் அக்கறையாகக் கேட்டான்: "அங்கிள், உங்க வீட்ல நெட் வரலையா?"