அப்பாவின் கும்பிடு

என் கதைகளைத் தொடர்ந்து படித்து வரும் அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் சிறுகதைகளில் வரும் தகப்பனார்கள் எல்லாரும் ஏன் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கிறார்கள்? சிரிப்பதில்லை, பேசுவதில்லை, கையில் பிரம்பு இருக்கிறது, இல்லாவிட்டால் பெல்ட். உங்கள் அப்பா அப்படித்தானா?"

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாம் பாதிதான் என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை.

கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு மழை நாளில், மெரிமே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1829இல் எழுதிய 'மத்தேயோ பால்கோனே' என்ற கதையைப் படித்தேன். கார்சிகாத் தீவின் மலைக்காட்டு ஓரம் மத்தேயோவின் வீடு. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பையனுக்குப் பத்து வயது. அடைக்கலம் கேட்டு வந்த ஒருவனை, காசு வாங்கிக்கொண்டு, பையன் வைக்கோற்போரில் ஒளித்து வைக்கிறான். துரத்தி வந்த அதிகாரி ஒரு வெள்ளிக் கடிகாரத்தை ஆட்டிக் காட்டியதும் காட்டிக் கொடுத்துவிடுகிறான். வீடு திரும்பிய தகப்பன் விஷயம் தெரிந்துகொள்கிறான். மகனைக் காட்டுப் பள்ளத்துக்கு அழைத்துப் போய், ஜபம் சொல்லச் சொல்லி, சுட்டுக் கொன்றுவிடுகிறான். புதைப்பதற்கு மண்வெட்டி எடுக்க வீட்டை நோக்கி நடக்கிறான்.

புத்தகத்தை மூடியபோது கை நடுங்கியது. ஆனாலும், 'ஆண் என்றால் இவன்!' என்று ஒரு குரல் எனக்குள் சொல்லத்தான் செய்தது. அந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. மகன்மேல் தேரை ஓட்டிய மனுநீதிச் சோழனைச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்று புறநானூற்றில் பொன்முடியார் பாடியிருக்கிறார். அங்கே சான்றோன் என்றால் வீரன் என்று பொருள் கொள்ளும் அறிஞர்கள் உண்டு. பெறுவது தாயின் வேலை; ஆணாக்குவது தகப்பனின் வேலை.

சிறுகதை என்ற உருவத்துக்கும் இந்தத் தகப்பன் மிகவும் வசதியானவன். அதற்கு ஒரு மனிதனின் ஒரு மணி நேரம் போதும். தீர்ப்புச் சொல்கிற மணி நேரமாக இருந்துவிட்டால் கதை தானாகவே நின்றுவிடும். மறுநாள் காலையில் மத்தேயோ எப்படிக் கஞ்சி குடித்தான் என்று யாரும் கேட்பதில்லை. புதுமைப்பித்தனைப் போன்ற ஒருவர்தான் 'ஒரு நாள் கழிந்த'தை எழுத முடியும். கடன்காரனுக்குப் பயந்து, இன்னொருவரிடம் கடன் கேட்டு, அலமுவின் வாய்த்துடுக்கையும் தாங்கிக்கொண்டு பொழுதை ஓட்டுகிற அப்பாவை அவர் அதில் காட்டினார். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. வராததற்குக் காரணம் வெள்ளிமலையில் இருக்கிறது.

இன்று வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. நான் சொல்வது 1969. அப்போது அது தென்னார்க்காடு. கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்த காலம். 1976இல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்பா மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் உத்தியோகம் பார்த்தார். ஊர் ஊராக நடந்து, காய்ச்சல்காரர்களின் விரல் நுனியைக் குத்தி, ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்துவிட்டு வரவேண்டும். எனக்குப் பதினோரு வயது. "பொட்டப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள்ளேயே கிடக்கறான், நாலு நாள் மலை ஏறினால் உடம்பு உரம் பெறும்" என்று கோடை விடுமுறையில் என்னையும் அழைத்துப் போனார்.

வெள்ளிமலைக்கு அருகே ஒரு சிற்றூரில் மலையாளிக் கவுண்டர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் தங்கினோம். (கேரளத்து மலையாளிகள் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் மலைமக்கள்.) சாமைச் சோறு போட்டார்கள். கவுண்டரின் மகனுக்கு என் வயது இருக்கும். அவனிடம் மான்கொம்புப் பிடி போட்ட ஒரு சிறு கத்தி இருந்தது. அதனால் மூங்கிலைச் சீவி எனக்கு ஒரு ஊதல் செய்து கொடுத்தான். அன்றிரவே நான் அந்தக் கத்தியைத் திருடிவிட்டேன்.

காலையில், பாட்டன் காலத்துக் கத்தியைத் தொலைத்துவிட்டான் என்று கவுண்டர் மகனை விளாறினால் விளாசினார். அவன் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் கால்சட்டைப் பையில் கையை விட்டபடி பேசாமல் நின்றேன்.

மறுநாள் இரவு, அடுத்த ஊரில், நான் சட்டை மாற்றும்போது கத்தி கீழே விழுந்தது. அப்பா அதை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. விடிவதற்கு முன் எழுப்பினார். வந்த வழியே நடந்தோம். இரண்டரை மணி நேரம், ஒரு வார்த்தை இல்லை.

கவுண்டர் வீட்டு வாசலில் அந்தப் பையனை வரச் சொல்லி, கத்தியை அவன் கையில் வைத்தார். பிறகு, சர்க்கார் உத்தியோகஸ்தரைக் கண்டால் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஊரில், என் அப்பா அந்தச் சிறுவனுக்கு முன்னால் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"தம்பி, எம் பையனாலே நீ அடி வாங்கினே. மன்னிச்சுக்கப்பா."

"ஐயோ சார், நீங்க போயி..." என்று கவுண்டர் பதறினார். பையன் உள்ளே ஓடிவிட்டான். எனக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. அப்பா என்னை அடித்துக் கொன்றிருக்கலாம், இப்படித் தாழ்ந்து போயிருக்க வேண்டாம் என்று அவர்மேல் ஆத்திரம் வந்தது. திரும்பும் வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அடிச்சிருந்தா, கணக்குத் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சுக்குவே."

பதினெட்டு வருஷங்களுக்குப் பிறகு இதைக் கதையாக எழுதினேன். கும்பிடு வரவில்லை. பெல்ட் வந்தது. என் முதுகில் விழுந்த ஒவ்வொரு அடியையும் உருக்கமாக வர்ணித்திருந்தேன். 'என்ன கம்பீரமான தகப்பன்!' என்று பாராட்டிக் கடிதங்கள் குவிந்தன. அதன் பிறகு நான் எழுதிய தகப்பன்கள் எல்லாம் அவனுடைய பிரதிகள்தாம்.

அப்பாவும் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அடி வாங்கினவன் அவன்டா. அவனை ஏன் விட்டுட்டே? உன்னை நான் தொடவே இல்லையே."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

அன்பரே, என் கதைகளில் பிரம்போடு நிற்பவர் என் தகப்பனார் அல்லர். அந்தப் பையனிடமிருந்து நான் திருடியவை இரண்டு. கத்தியை அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் வாங்கிய அடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.