படகுக்கு ஒரு குட்டி டர்பைன்

ராஜா அண்ணாமலைபுரத்தில் அடையாற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது. அங்கே படகை ஓட்டுவது துடுப்பும் தோள் பலமும்தான். அந்த மாதிரி ஒரு சின்னப் படகில் நீராவி டர்பைன் வைத்து ஓட்டினால் என்ன?

கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. குக்கர் விசில் சீறுவதைப் பார்த்த யாருக்கும், அதன் எதிரே ஒரு காற்றாடியைப் பிடித்தால் சுற்றுமே என்று தோன்றியிருக்கும். டர்பைனின் அடிப்படை அதேதான். ஆனால் பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்து உட்கார்ந்தால்தான் வம்பு தெரியும்.

பாய்லரில் 10 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீராவியை ஒழுங்கான நாசில் வழியாக வெளியே விட்டால், கணக்குப்படி விநாடிக்குச் சுமார் 880 மீட்டர் வேகத்தில் வரும். ஒலியை விட இரண்டரை மடங்கு! அதிலிருந்து முழு வேலை வாங்க, பிளேடுகள் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில் ஓட வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 80,000 சுற்று. சின்னப் படகின் ப்ரொப்பெல்லருக்கோ ஆயிரம் சுற்றே தாராளம்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். ஸ்வீடனின் டி லாவல் 1880-களில் ஒற்றைச் சக்கர டர்பைனை 30,000 சுற்றில் ஓட்டி, பல்சக்கரங்கள் வைத்து வேகத்தைக் குறைத்தார். இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ் வேறு வழி பிடித்தார். நீராவியின் அழுத்தத்தை ஒரே அடியாக இறக்காமல், வரிசையாகப் பல பிளேடு வளையங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மொத்தக் கடனை ஒரே நாளில் கட்டாமல் தவணையில் கட்டுகிற மாதிரி. அப்படியும் 1884-ல் அவர் செய்த முதல் டர்பைன் 18,000 சுற்றில் ஓடியது.

பிறகு அவர் டர்பைனைப் படகில் ஏற்ற ஆசைப்பட்டார். 1894-ல் 'டர்பினியா' தயாரானது. நீளம் சுமார் 31 மீட்டர். வெள்ளோட்டத்தில் ஏமாற்றம்தான். டர்பைன் சக்தியைக் கொட்டியும் படகு 20 நாட் வேகத்தைத் தொடவில்லை.

கோளாறு டர்பைனில் இல்லை, தண்ணீரில். ப்ரொப்பெல்லர் அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றியதால் இதழ்களுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, தண்ணீர் ஆவிக் குமிழ்களாக மாறியது. ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளாமல் வெற்றுக் குமிழைக் கடைந்துகொண்டிருந்தது. பார்சன்ஸ் ஒரு சின்னத் தொட்டி செய்து, இரண்டு அங்குல ப்ரொப்பெல்லரை அதில் சுற்றவிட்டு இந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஒரு டர்பைனை மூன்றாகப் பிரித்தார். மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று, ஆக ஒன்பது ப்ரொப்பெல்லர். 1897 ஜூன் 26, விக்டோரியா ராணியின் வைர விழா. ஸ்பிட்ஹெட்டில் அணிவகுத்து நின்ற போர்க்கப்பல்களுக்கு நடுவே டர்பினியா புகுந்து பறந்தது. 34 நாட்டுக்கு மேல் போகக்கூடிய படகை அங்கே யாரால் துரத்திப் பிடிக்க முடியும்?

இதில் மெட்ராஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு இந்த ஊர் மேல் குண்டு போட்ட எம்டன், பழைய பிஸ்டன் எஞ்சின் கப்பல். அதன் இரட்டைக் கப்பலான டிரெஸ்டனில் மட்டும் ஜெர்மானியர்கள் பார்சன்ஸ் டர்பைன் வைத்திருந்தார்கள். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே எம்டனை முடித்த ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலும் டர்பைன் கப்பல்தான். சிட்னியின் பீரங்கிகளும் பெரியவை. ஆனால் தூரத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள வேகமும் உதவியது.

சரி, அடையாற்றுப் படகின் வரவு செலவு என்ன?

5 குதிரைத்திறன் வேண்டும், குட்டி டர்பைன் 30 சதவீதம் திறனோடு ஓடும் என்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 115 கிலோ நீராவி தேவை. அதாவது கிட்டத்தட்ட ஆறு வாட்டர் கேன். முகத்துவாரத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் பாய்லர் குழாயில் உப்பு படிந்து அடைத்துவிடும். ஆகவே நீராவியைக் குளிரவைத்துத் திரும்ப எடுக்க ஒரு கண்டென்சரும் வேண்டும். டீசலில் பாய்லரை எரித்தால் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் போகும். அதே சக்திக்கு ஒரு டீசல் எஞ்சின் ஒன்றேகால் லிட்டர்தான் குடிக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பிளேடு நுனிக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் பெரிய டர்பைனுக்கு அது பொருட்டே இல்லை. ஒரு சென்டிமீட்டர் பிளேடுக்கு அது பத்தில் ஒரு பங்கு. அந்தச் சந்து வழியாக நீராவி வேலை செய்யாமலே நழுவிவிடும். டர்பைன் பெரிய முதலாளிகளின் தொழில். குட்டிக் கடைக்குக் கட்டாது.

ஆனாலும் செய்துதான் பார்ப்பேன் என்று யாராவது கிளம்பினால், டர்பைனிலிருந்து தொடங்க வேண்டாம். காமர்ஸ் வகுப்பில் பட்ஜெட் போடும்போது முதலில் விற்பனை, பிறகுதான் உற்பத்தி. இங்கேயும் அப்படித்தான். படகு என்ன வேகத்தில் போக வேண்டும், அதற்கு ப்ரொப்பெல்லர் எத்தனை சுற்று சுற்ற வேண்டும், அப்புறம் பல்சக்கரம், அப்புறம் டர்பைன், கடைசியில் பாய்லர். பார்சன்ஸ் மாதிரி ஆளுக்கே தண்ணீரைப் புரிந்துகொள்ள இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.