தோலில் உறையும் மருந்து

கனியை உண்டு தோலை எறிதல் உலக வழக்கு. அங்ஙனம் எறியப்படும் எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சுத் தோல்கள் இன்று ஆய்வுக்கூடங்களில் அரும்பொருளாய் மதிக்கப்படுகின்றன. அவைபற்றிய சில எண்ணங்களை இங்குப் பகிர விழைகின்றோம்.

தமிழ் பயில்வோர் ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம். நாரத்தை என்னும் நம் சொல்லோடு உறவுடையது வடமொழி 'நாரங்கம்' என்பர் மொழிநூலார். அது பாரசீகத்தில் 'நாரங்' ஆகி, அரபியில் 'நாரஞ்ச்' ஆகி, அரபு மக்கள் வழியே கனியோடு ஸ்பெயின் நாட்டை அடைந்தது. பம்பளிமாஸ் தோலின் கசப்புப் பொருளுக்கு அறிவியலார் இட்ட 'நாரிஞ்சின்' என்னும் பெயரிலும் அச்சொல்லே ஒலிக்கின்றது. திருமறை ஓதும் இறைநம்பிக்கையாளருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உவமை கூறிய 'உத்ருஜ்' கனியும் இவ்வினத்ததே. அதன் நறுமணம் உறைவது தோலில் அன்றோ!

தோலின் உட்புற வெண்பகுதியிலிருந்து 'ஹெஸ்பெரிடின்' என்னும் பொருளை 1828ஆம் ஆண்டில் லெப்ரெட்டோன் என்பார் பிரித்தெடுத்தார். வீக்கம், சிவப்பு, வெப்பம், வலி ஆகிய நான்கும் அழற்சியின் அடையாளங்கள். அழற்சி உடலின் காவல். எல்லை கடப்பின் அதுவே நோயாகும். உயிரணுக்களிலும் எலிகளிலும் நிகழ்ந்த ஆய்வுகளில், ஹெஸ்பெரிடினும் 'நோபிலெட்டின்' என்னும் பொருளும் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணித்தன. டயாஸ்மின் என்பதோடு சேர்ந்த ஹெஸ்பெரிடின் மாத்திரை, நரம்பு புடைத்த கால்களுக்கும் மூலநோய்க்கும் பல நாடுகளில் வழங்கப்படுகின்றது.

எம் உம்மம்மா நாரத்தங்காயைச் சுருளாக அரிந்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, காய்ச்சலில் வாய் கசந்தோர்க்குக் கஞ்சியோடு அளிப்பார். அழற்சி என்னும் சொல்லை அவர் அறியார். தோல் வீணன்று என்பதை அறிவார். ஆயினும் மருத்துவர் தந்த மருந்தை அவர் ஒருநாளும் தவிர்க்கச் சொன்னதில்லை.

இன்றோ, மூட்டுவலி மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோற்கஷாயம் பருகும் முதியோரை எம் உறவினரிடையேயே காண்கின்றோம். இது அஞ்சத்தக்கது. ஹெஸ்பெரிடின் எளிதில் குருதியில் கலவாது; பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்த பின்னரே உடல் ஏற்கும். மனிதரிடம் நிகழ்ந்த ஆய்வுகள் சிறியன, முடிவுகளும் ஒருமித்தில. 'கிரேப்ஃப்ரூட்' என்னும் இவ்வினக் கனி, சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் குருதியில் மிகுவித்துத் தீங்கு செய்வதும் உண்டு. உப்பிட்ட நாரத்தையோ, இரத்த அழுத்தமுடையோர்க்கு ஆகாது.

மாணவச் செல்வங்களே! ஊறுகாயும் உலர் நாரத்தையும் உணவாய் இருக்கட்டும். மருந்தை நிறுத்த எண்ணும் பெரியவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், பணிவோடு எடுத்துரைத்து, கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கற்ற கல்வியின் பயன் அதுவேயாகும்.