28 பிள்ளைகளின் பாடசாலை

சகோதரிகளே, பிள்ளைக்குப் பாடசாலை தேடும்போது நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? என் மகளுக்கு இடம் தேடிய நாளில் நான் கேட்டது, ‘இங்கே நம்மட பிள்ளைகள் எத்தனை பேர்?’ என்பதுதான். குறைவு என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். அது நல்ல பாடசாலை.

வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புரொட்டஸ்தாந்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளிலேயே படித்தனர். 1981இல் சிறை உண்ணாவிரதத்தில் 10 பேர் இறந்து நாடே கொதித்திருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் பெல்பாஸ்டில் சில பெற்றோர் இரு சாராருக்குமாக லாகன் கல்லூரியைத் திறந்தனர். சாரணர் மண்டபமே வகுப்பறை. மாணவர்கள் 28 பேர். முதல் அதிபர் ஷீலா கிரீன்பீல்ட் என்ற பெண்மணி. அரசாங்க உதவி 1984இல்தான் கிடைத்தது. இன்று அங்கே 1,000க்கு மேற்பட்டோர் பயில்கின்றனர்.

அந்தத் தாய்மாருக்கும் என்னைப் போலப் பயம் இருந்திருக்கும். ஆனால், பயம் தீரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அடுத்த வருடம் என் மகனுக்கு இடம் தேட வேண்டும். இம்முறை என் முதற் கேள்வி வேறு: ‘இங்குள்ள அதிபர் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கண்ணால் பார்ப்பவரா?’ நீங்களும் கேட்டுப் பாருங்களேன்.